சூடாக எடுத்ததை எங்கே இறக்கி வைப்பது?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெளிர் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதன் இருக்கையில் ஒரே சீரான இடைவெளியில் ஒன்பது பள்ளக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காற்றோட்டத்துக்காகச் செய்த வேலைப்பாடா என்று கேட்டவர்கள் உண்டு. கரி கிரிலின் கம்பித்தட்டை அதன்மேல் நான் வைத்துவிட்டு, வைத்த நான்கைந்து விநாடிகளில் பதறிப்போய்த் திரும்ப எடுத்ததன் அடையாளம் அது.

அன்று சமையல் பாதியில் இருக்கும்போதே தணல் அடங்கிவிட்டது. புதிய கரி போட வேண்டுமானால் கம்பித்தட்டை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால், கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசை முழுவதும் தட்டுகளும் குவளைகளும் பரவியிருந்தன. தரையில் வைக்கலாம் என்றால், செருப்பில்லாத ஒரு குழந்தை கிரிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் கையுறையைத் தாண்டி விரல் நுனியில் சூடு உறைக்கத் தொடங்கிவிட்டது. யோசிக்க நேரமில்லாமல், கண்ணில் பட்ட முதல் காலியிடத்தில் தட்டை வைத்தேன். முதலில் ஒரு மெல்லிய சீறல் கேட்டது, பிறகு மூக்கை அரிக்கும் நாற்றம் வந்தது. தட்டைத் தூக்கியபோது கம்பிகளோடு பச்சை நூல்கள் நூல்களாக இழுபட்டு வந்தன. கம்பியில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அகற்ற முடியாததால், அந்தத் தட்டில் பிறகு சமைக்கவே இல்லை.

கிரிலில் சமைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பற்றவைப்பதைப் பற்றியும் தணலைப் பரப்புவதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எடுத்த பொருளை எங்கே இறக்குவது என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. என் அனுபவத்தில், கையில் சூடான பொருளோடு இடம் தேடி நிற்கும் அந்த ஐந்தாறு விநாடிகள்தான் மொத்தச் சமையலிலும் ஆபத்தானவை. வீட்டுக்குள் சமைக்கும்போது அடுப்பு மேடையே இறக்குமிடமாகிவிடுகிறது. வெளியில் அப்படி ஒரு மேடை தானாக அமைந்துவிடுவதில்லை. நாம்தான் அதை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாற்காலிக்குப் பிறகு நான் என் சமையலையே கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். மூடியைத் திறக்கிறோம், கரி பற்றவைக்கும் சிம்னி உருளையைக் காலி செய்கிறோம், இடுக்கியையும் கரண்டியையும் மாற்றி மாற்றி எடுத்து வைக்கிறோம், இரும்புச் சட்டியை இறக்குகிறோம், உணவுத் துண்டுகள் கோர்த்த கம்பிகளைக் கழற்றுகிறோம், இடையில் ஒருமுறையாவது கம்பித்தட்டைத் தூக்குகிறோம். ஒரு மாலைப்பொழுதில் சூடான ஏதோ ஒன்று முப்பது தடவையாவது கைமாறி எங்கோ ஓரிடத்தில் அமர்கிறது. அந்த முப்பதில் ஒன்று தவறான இடத்தில் அமர்ந்தால் போதும்.

சூடான இரும்பு தன்னைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல். இரும்பு செம்மை படர்ந்து ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான். அதுவும் நல்ல இருட்டில்தான் தெரியும். கிரிலின் கம்பித்தட்டு பெரும்பாலும் 200 முதல் 350 டிகிரிக்குள் இருக்கும். அதாவது 300 டிகிரியில் இருக்கும் கம்பியும், நேற்றிலிருந்து ஆறிக் கிடக்கும் கம்பியும் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். தோலுக்கோ, 70 டிகிரி உலோகத்தை ஒரு விநாடி தொட்டாலே புண்ணாகிவிடக்கூடும். தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது ஓரளவு உதவும் என்றாலும், 'சொய்ங்' என்ற சத்தம் கேட்டால் சூடு 100 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். சத்தம் வரவில்லை என்பதால் தொடலாம் என்று ஆகிவிடாது. 80 டிகிரி இரும்பு சத்தம் போடாமலே சுடும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் விரிசல் விழக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடாமல் வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நானும் நம்பினேன். பளபளப்பான எவர்சில்வர் பரப்புகளில் அது உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மினுக்கும் உலோகம் அகச்சிவப்புக் கதிர்களைக் குறைவாகவே வெளியிடுவதால், கருவி ஏமாந்துபோகிறது. கறுத்த வார்ப்பிரும்பில் அதன் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சூடு எவ்வளவு என்பதைப் போலவே, அது எவ்வளவு நேரம் தங்கும் என்பதும் முக்கியம். அலுமினியத் தாளை அடுப்பிலிருந்து எடுத்தால் சில விநாடிகளில் ஆறிவிடும். அதில் தேங்கியிருக்கும் வெப்பம் அவ்வளவு சொற்பம். மெல்லிய கம்பித்தட்டுகூடச் சில நிமிடங்களில் ஓரளவு அடங்கிவிடும். வார்ப்பிரும்புச் சட்டியின் கதை வேறு. 3 கிலோ எடையுள்ள ஒரு சட்டி 250 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்குவதற்குள் வெளிவிடும் வெப்பத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், முக்கால் லிட்டருக்கு மேல் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதுமானது. அவ்வளவு வெப்பமும் சட்டி அமர்ந்திருக்கும் பரப்புக்குள்ளும் சுற்றியுள்ள காற்றுக்குள்ளும்தான் போயாக வேண்டும். எனவே சட்டியை இறக்கும் இடம் அதைத் தாங்கினால் மட்டும் போதாது, அரைமணி நேரம் தொடர்ந்து தாங்க வேண்டும்.

எந்தப் பரப்பு எதைத் தாங்கும் என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன் என்றாலும், எல்லாவற்றையும் நான் பட்டுப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. அது 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கிவிடும். மரமேசை 250 டிகிரியை ஒட்டிக் கருகத் தொடங்கும். அதில் வட்டமாகத் தழும்பு விழுவதைவிட எனக்குக் கவலை தருவது, சட்டியின் அடியில் ஒட்டிவரும் சிறு கங்குதான். கண்ணாடி மேசையை நான் சுத்தமாக நம்புவதில்லை. சாதாரணக் கண்ணாடியில் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாடு வந்தாலே விரிசல் விடக்கூடும். பதப்படுத்திய கண்ணாடி 200 டிகிரி அளவு வேறுபாட்டைத் தாங்கும் என்றாலும், தாங்காமல் போகும் நாளில் ஒரு விரிசலோடு நிற்காது. மேசை முழுவதும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும்.

கான்கிரீட் தரை எதையும் தாங்கும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. கான்கிரீட்டின் நுண்ணிய துளைகளில் ஈரம் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். கொதிக்கும் உலோகத்தை நேரடியாக வைத்தால் அந்த ஈரம் நீராவியாக மாறுகிறது. ஆவியானால் தண்ணீரின் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழியில்லாத ஆவி, மேற்பரப்பைச் சில்லுகளாகப் பெயர்த்தெறிந்துவிடும். ஈரமான கற்களும் இதே காரணத்தால் வெடிக்கக்கூடியவை. புல்தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப் புல் என்றால் கருகிப் போகும், காய்ந்த புல் என்றால் பற்றிக்கொள்ளும். கிரிலோடு சேர்ந்து வரும் பக்கவாட்டுத் தட்டுகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அடுப்போடு ஒட்டியிருப்பதால் அவை சூட்டைத் தாங்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல கிரில்களில் அவை பிளாஸ்டிக்காகவோ சாயம் பூசிய மரமாகவோ இருக்கின்றன. எரிவாயு கிரிலாக இருந்தால், அந்தத் தட்டுக்கு அடியில் ரப்பர் குழாய் எந்த வழியாகப் போகிறது என்றும் குனிந்து பார்க்க வேண்டும்.

இப்போது நான் பயன்படுத்துவது மிக எளிய ஓர் ஏற்பாடு. உயரம் குறைந்த, உறுதியான ஓர் இரும்பு மேசை. அதன்மேல் படுக்கை வசத்தில் நான்கு உலர்ந்த செங்கற்கள். செங்கற்களின்மேல் விளிம்பு உயர்ந்த ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம். செங்கற்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளிதான் இதில் முக்கியமானது. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துவதாலும், அந்த இடைவெளியில் காற்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதாலும், தாம்பாளம் கொதித்தாலும் மேசை வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. தாம்பாளத்தின் விளிம்பு, கம்பித்தட்டிலிருந்து வடியும் கொழுப்பைத் தாங்கிக்கொள்கிறது. உருளும் கம்பிகளையும் தடுத்து நிறுத்துகிறது. கம்பித்தட்டைவிடத் தாம்பாளம் நான்கு பக்கமும் ஒரு சாண் பெரிதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். என்னுடையது இரண்டு பக்கம்தான் அப்படி இருக்கிறது, மற்ற இரண்டு பக்கமும் விளிம்போடு விளிம்பு. செங்கல் மழையில் நனைந்திருந்தால் அன்றைக்கு அதை ஒதுக்கிவிடுகிறேன்.

மேசையை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கு எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. முதலில் முதுகுக்குப் பின்னால் போட்டிருந்தேன். சூடான தட்டோடு அரைவட்டம் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பும் வழியில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு இடப்புறம் போட்டேன். வலக்கையில் பிடித்த சட்டியோடு தணலுக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டியிருந்தது. இப்போது அது எனக்கு வலப்புறம், ஓர் எட்டு தூரத்தில், கிரிலை நோக்கிச் சற்றே சாய்ந்த கோணத்தில் நிற்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஓர் எட்டு என்ற கணக்குக்குக் காரணம் கையுறை. கையுறை வாங்கும்போது அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைத்தான் நாம் பார்க்கிறோம், நேரத்தைப் பார்ப்பதில்லை. இஎன் 407 என்ற ஐரோப்பியத் தர அளவில் தொடு வெப்பத்துக்கென ஒரு சோதனை உண்டு. அதில் 2ஆம் நிலை பெற்ற கையுறை 250 டிகிரிப் பரப்பின்மேல் இருக்கும்போது, அதன் உட்புறம் குறைந்தது 15 விநாடிகளுக்கு 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்க வேண்டும். 3ஆம் நிலை என்றால் 350 டிகிரிக்கு அதே 15 விநாடி. ஆக, நல்ல கையுறை நமக்குத் தருவது ஒரு கால் நிமிடம். நான் நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் அந்தக் கால் நிமிடம் தீர்ந்துபோயிருந்தது.

கையுறைக்குப் பதில் கரித்துணியை மடித்துப் பிடிப்பதில் தவறில்லை, துணி எலும்பு போலக் காய்ந்திருக்கும் வரை. ஒருமுறை தட்டுகளைத் துடைத்துவிட்டு அதே துணியால் சட்டியின் காதைப் பிடித்தேன். துணி ஈரமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் நமத்திருந்தது, அவ்வளவுதான். முதல் விநாடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது விநாடியில் உள்ளங்கையில் யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. மூன்றாவது விநாடியில் சட்டி தாம்பாளத்தில் விழுந்திருந்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டால், அது வெப்பத்தைக் கைக்கு அழைத்துவரும் பாதையாகிவிடுகிறது. போதாததற்கு அந்த ஈரமே ஆவியாகித் தோலை வேகவைக்கிறது. தாம்பாளம் ஓர் எட்டில் இருந்ததால் சட்டி என் காலில் விழவில்லை. சுட்ட கையை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டினேன், வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றினேன். ஐஸ் வைக்கச் சொன்னவருக்கும் பற்பசை தடவச் சொன்னவருக்கும் நன்றி சொல்லிவிட்டு இரண்டையும் தவிர்த்தேன். மூன்று கொப்புளங்களோடு முடிந்தது.

மூடி எளிய விஷயம். பல வட்ட கிரில்களில் மூடியின் உட்புறத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, அதைத் தொட்டியின் விளிம்பில் மாட்டித் தொங்கவிடலாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. கொக்கி இல்லாத குவிந்த மூடியை மல்லாத்தி வைப்பதானால், பானைக்குப் பிரிமணை போல உலோக வளையம் ஒன்று அடியில் வேண்டும். இல்லாவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். இடுக்கிக்கும் திருப்பிக்கும் மேசையின் ஓரத்தில் இரண்டு கொக்கிகள் போதும். கோர்த்த கம்பிகளைத் தாம்பாளத்தில் வைக்கும்போது, பிடிக்கும் முனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கிவிட்டால், எந்த முனை நெருப்பில் இருந்தது என்று தடவிப் பார்க்கும் வேலை மிச்சம். கொழுப்பு வடியும் தட்டை மட்டும் சூடாக இருக்கும்போது எங்கும் எடுத்து வைக்காதீர்கள். ததும்பும் கொழுப்புக்கு எந்தக் கையுறையும் ஈடல்ல. அது தன் இடத்திலேயே ஆறட்டும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது சிம்னி உருளையைத்தான். உள்ளே எரிந்த கரியைக் கொட்டியவுடன் வேலை முடிந்துவிட்டதாக மனம் ஓய்ந்துவிடுகிறது. கண் தணலின்மேல் போய்விடுகிறது, கை உருளையை எங்கோ வைத்துவிடுகிறது. காலியான அந்தத் தகரத்தின் சூடு இன்னும் சில நூறு டிகிரிகளில் இருக்கும். அடிச்சல்லடையில் சிக்கிய கங்குகள் ஒன்றிரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை அதை கிரிலுக்கு அடியில், கரிப் பையை ஒட்டி வைத்துவிட்டேன். சிறிது நேரம் கழித்துக் காகிதம் கருகும் வாசனை வந்தது. குனிந்து பார்த்தபோது, பையின் பக்கவாட்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு பரவி, நடுவில் கறுத்து, கறுப்பின் ஓரம் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. காகிதம் 230 டிகிரியை ஒட்டிப் பற்றிக்கொள்ளக்கூடியது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் ஐந்து கிலோ கரியும் சேர்ந்து எரிந்திருக்கும். இப்போது உருளைக்கென்று தரையில் தனியாக இரண்டு செங்கற்கள், சுவரோரமாக, யாரும் நடக்காத பக்கத்தில் இருக்கின்றன. கரிப் பை எதிர்ப்புறத்தில் இருக்கிறது. உருளையைப் பற்றவைப்பதற்கு முன்பே அந்தச் செங்கற்களை வைத்துவிடுகிறேன்.

இடத்தை அமைத்தபின் அதைக் காப்பது தனி வேலை. காலியான சமதளம் ஒன்று எங்கே இருந்தாலும் மனிதர்கள் அதில் எதையாவது வைத்துவிடுவார்கள். குவளை, கைப்பேசி, காகிதத் துடைப்பான் என்று பத்து நிமிடத்தில் தாம்பாளம் நிறைந்துவிடும். முதலில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். பிறகு, காலியாக இருக்கும்போதெல்லாம் தாம்பாளத்தின் நடுவே ஒரு கரித்துண்டைப் போட்டு வைக்கத் தொடங்கினேன். அழுக்கான இடத்தில் யாரும் குவளையை வைப்பதில்லை. சூடான பொருள் அமர்ந்திருக்கும்போது அதன் கைப்பிடியில் ஒரு கையுறையைச் செருகிவிடுகிறேன். கையுறை மாட்டிய கைப்பிடியை யாரும் வெறுங்கையால் பிடிக்கக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தூக்குவதற்கு முன் "சூடு வருது" என்று உரக்கச் சொல்வதும் பழகிவிட்டது. இருட்டிய பிறகு அந்த மேசைக்கு மேலே ஒரு விளக்கு எரிய வேண்டும். சாப்பிடும் இடத்துக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக இறக்கி வைக்க வேண்டியது சாம்பல். நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. சாம்பல் வெப்பத்தைக் கடத்தாத நல்ல போர்வை, அதற்குள் ஒரு கங்கு ஒரு நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். எனவே அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ காகிதப் பையிலோ குப்பைத் தொட்டியிலோ போடுவதில்லை. இறுக்கமாக மூடும் உலோக டின் ஒன்றில் அள்ளி, உருளைக்கான அதே செங்கற்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, அவற்றின்மேல் வைத்து, 48 மணி நேரம் அதை மறந்துவிடுகிறேன். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்து, குச்சியால் அடிவரை கிளறி, புறங்கையை மேலே காட்டிப் பார்த்த பிறகே கொட்டுகிறேன். போன வாரம் அப்படிக் காட்டியபோது லேசாக வெதுவெதுப்பு இருந்தது. மூடியை மறுபடி இறுக்கிவிட்டு, இன்னொரு நாள் விட்டுவிட்டேன்.